நெடுஞ்சாலையில் ஓபலின் பெயர்

ஓபல் என்று ஒருத்தி நிஜமாகவே இருந்தாளா என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாள். கான்சஸில், ஹட்சின்சன் ஊரில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். ஓபல் பீட்சா அட்டைப்பெட்டியின் மூடியில் சுருள்முடியோடு ஒரு பெண் கண்ணடிக்கிறாளே, அது விளம்பரக்காரர்கள் வரைந்த பொம்மை. எங்கள் ஓபல் ஃபோத்துக்குச் சுருட்டை முடி கிடையாது. சிரிக்கும்போது ஒரு கண் மட்டும் லேசாகச் சிறுத்துப்போகும். அவள் யாரைப் பார்த்தும் கண்ணடித்தவளும் இல்லை. ஒரே ஒருவனைப் பார்க்கத்தான் அந்தக் கண் இரண்டும் கிடந்து தவித்தன. அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

கென்னடி ஜனாதிபதி ஆவதற்கு முந்தைய வருஷம் அது. ரயில் நிலையத்துக்கு எதிரே, செருப்பு தைக்கிற கடை ஒன்று காலியாகக் கிடந்தது. அதை டுவைட் ஹாவர்கேம்ப்பும் ரீனோ பெர்டோலாசியும் வாடகைக்கு எடுத்தார்கள். டுவைட் அதுவரை டிராக்டர் உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்தவன். வாயிலேயே வடை சுடுகிற ஆள். ரீனோ அதற்கு நேர் எதிர். ஃப்ரான்டெனாக் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு நாளைக்குப் பேசுகிற வார்த்தையை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் மாவை எடுத்து முஷ்டியில் சுழற்றி மேலே வீசினான் என்றால், வாயில் ஈ நுழைவது தெரியாமல் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்போம். மாவு பிசைய நானும், பரிமாறவும் தொலைபேசி எடுக்கவும் ஓபலும் சேர்ந்தோம்.

எங்கள் ஊர்க்காரர்கள் அப்போது பீட்சாவைக் கண்டதில்லை. கோதுமை அறுவடைக்கு வந்த ஆட்கள் கத்தியும் முள்கரண்டியும் கேட்டார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பழத்தை உள்ளே வைத்து மேலே மாவால் மூடிச் சுடுகிற 'பை' பலகாரம்தான். தேவாலயத்தில் எனக்கு முன் வரிசையில் உட்காருகிற திருமதி எனிஸ் முதல் நாளே வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, பை செஞ்சீங்க சரி, மூடி எங்கம்மா? உள்ள இருக்கறதெல்லாம் இப்பிடி அம்மணமா கெடக்குது!" என்று சத்தம் போட்டாள். மறுவாரம் குடும்பத்தோடு வந்து இரண்டு வாங்கித் தின்றாள். மூடியைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

கடைக்குப் பெயர் வைப்பதில்தான் ரகளை. டுவைட் ஏதோ இத்தாலிய ராஜா பெயர் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். பெயர் எழுத வந்தவர் ஏணியில் ஏறி, கையில் தூரிகையோடு காத்திருந்தார். பெயிண்ட் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது ரீனோ அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"ஓபல்னு எழுதுங்க."

"எது, நம்ம ஓபலா? அவ எதுக்குடா?" என்றான் டுவைட்.

"தெனம் வேலைக்கு வர்றப்ப தலைக்கு மேல அந்தப் பேரப் பாத்துக்கிட்டே உள்ள வரலாம்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். ஓபல் கையில் வைத்திருந்த தட்டுகளைக் கீழே வைக்கவும் தெரியாமல் தூக்கவும் தெரியாமல் நின்றாள். கழுத்துவரை சிவந்துபோனாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் வாழ்க்கை முழுக்க ஓட்டினாள் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் நம்புகிறேன்.

அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பெண்கள் கேட்பதில்லை. ஒன்றாக வேலை செய்தார்கள், ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக நடந்துபோனார்கள், அவள் அம்மா சுட்ட ரொட்டியை அவன் சாப்பிட்டான். ஊரே அடுத்த வசந்தத்தில் கல்யாணம் என்று முடிவு கட்டியிருந்தது. அவர்கள் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் அதைப் பற்றிப் பேசினோம்.

கடை பிய்த்துக்கொண்டு போனது. டுவைட்டுக்கு நியூட்டன் ஊரில் இரண்டாவது கடை திறக்க ஆசை வந்தது. ரீனோ முடியாது என்றான்.

"ஒரு கடைன்னா நான் நின்னு மாவு தட்டுவேன். ரெண்டு கடைன்னா யாருன்னே தெரியாத ஒருத்தன் தட்டுவான். அதுக்கு மேல அவ பேரு இருக்கும். அது எனக்கு வேணாம்."

டுவைட் ஓபலைப் பார்த்துத் திரும்பினான். "உன் பேருதானே ஓபல், நீயே சொல்லு."

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான். தன் பெயரை இன்னொரு ஊரில் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? "ஒண்ணுதானே, தொறந்துதான் பாப்போமே ரீனோ" என்றாள். அவன் சரி என்று தலையை ஆட்டினான். கோபமெல்லாம் இல்லை. அந்த வாரமே தன் பங்கை டுவைட் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறிப் போய்விட்டான். மேற்கே போனான் என்று மட்டும் பேருந்து நிலையத்தில் சொன்னார்கள்.

வருவான் என்றாள் ஓபல். கோபம் தணிந்ததும் வந்துவிடுவான் என்றாள். கோதுமை விளைந்தது, அறுத்தார்கள், மறுபடி விதைத்தார்கள். அவன் வரவில்லை.

கடைகள் வந்தன. நியூட்டன், சலைனா, கிரேட் பெண்ட், அப்புறம் ஓக்லஹோமா, நெப்ராஸ்கா. டுவைட் விச்சிட்டாவில் பெரிய கிட்டங்கி கட்டி, அங்கிருந்து மாவும் சாஸும் லாரி லாரியாக அனுப்பினான். எந்த ஊர் ஓபலில் சாப்பிட்டாலும் ஒரே ருசி, ஒரே சிவப்பு மேஜை விரிப்பு, ஒரே கண்ணாடி விளக்கு. ஓபல் பெயரைக் காசு கொடுத்து வாங்கிச் சொந்தமாகக் கடை நடத்த எங்கெங்கிருந்தோ ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அப்போதுதான் டுவைட்டுக்கு ஒரு யோசனை வந்தது. புதுக்கடை திறக்கும்போதெல்லாம் நிஜ ஓபலே வந்து ரிப்பன் வெட்டினால் கூட்டம் அள்ளும் என்றான். அவளோடு நானும் போக வேண்டும், புது ஆட்களுக்கு மாவு தட்டச் சொல்லிக் கொடுக்க. எனக்கு அது வசதிதான். வீட்டில் இருந்தால் என் கணவரோடு சண்டை, ஊர் ஊராகப் போனால் அவரும் நிம்மதி, நானும் நிம்மதி.

ஓபல் சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அடுத்த கடை எந்த ஊரில் என்பதை அவளையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். டுவைட் வரைபடத்தை மேஜையில் விரித்து, சிகாகோ பக்கம், ஒஹையோ பக்கம் என்று விரலை ஓட்டுவான். இவள் விரல் எப்போதும் மேற்கே போகும்.

"அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு? மாடும் மலையும்தான் இருக்கு" என்று தலையில் அடித்துக்கொள்வான்.

"மாடு மேய்க்கறவனுக்குப் பசிக்காதா டுவைட்?"

எனக்குத் தெரியும் ஏன் என்று. யாரோ ஒரு கோதுமை வியாபாரி, கொலராடோவில் ப்யூப்லோ பக்கம் ரீனோ லாரி ஓட்டுவதைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தான். உடனே ப்யூப்லோவில் கடை. அங்கே போனதும் இவள் பேர்ப்பலகை நடுகிற ஆட்களோடு மல்லுக்கு நின்றாள். பக்கத்துப் பெட்ரோல் பங்க் பலகையை விட உயரமாக வேண்டுமாம். ராத்திரியும் பகலும் தெரிய வேண்டுமாம்.

"எதுக்கு மேடம் இவ்ளோ ஒசரம்? ஏரோப்ளேன்ல போறவனா எறங்கி வந்து பீட்சா திங்கப்போறான்?" என்று அந்த ஆள் சிரித்தான்.

"லாரில போறவன் கண்ணுல படணும். அவ்ளோதான்."

அதிலிருந்து எல்லா ஊரிலும் அதே உயரம். கம்பெனியில் அதை ஒரு விதியாகவே ஆக்கிவிட்டார்கள். நெடுஞ்சாலையில் தூரத்திலிருந்தே தெரிகிற பலகைதான் ஓபல் பீட்சாவின் வெற்றிக்குக் காரணம் என்று பெரிய பெரிய ஆட்கள் மேடையில் பேசுவதைக் கேட்டு நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வியாபார மூளை என்றார்கள். மூளைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருத்தி ஒருவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தொண்டையால் கூப்பிட்டால் எட்டாது என்று கம்பத்தின் மேல் ஏற்றிக் கூப்பிட்டாள்.

திறப்பு விழா அன்று எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. புது அடுப்பில் முதல் பீட்சா எப்போதும் அடி கருகிப்போகும், அதை விற்பதில்லை. ஓபல் அதை வாங்கிக்கொண்டு வாசலைப் பார்த்த மேஜையில் போய் உட்காருவாள். தின்ன மாட்டாள். எதிரே ஒரு காலித் தட்டு வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்வாள்.

"ஏண்டி, கழுத்து சுளுக்கிக்கப்போவுது. இந்தக் கருகலத் திங்கவா அவன் கொலராடோவுல இருந்து ஓடி வரப்போறான்?"

"வருவான் ஜெனீவா. பேரப் பாத்தா வருவான். அவன் வச்ச பேருடி அது."

நெப்ராஸ்காவில் கிராண்ட் ஐலண்ட் ஊரில் ஒரு பல் டாக்டர், மனைவியை இழந்தவர், தங்கமான மனுஷர், இவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். இவள் மாட்டேன் என்றுவிட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்த இத்தாலியன் இந்நேரம் செத்துக்கூடப் போயிருப்பான்" என்று கத்திவிட்டேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கிக்கொண்டு வந்து வைத்தாள். அவளோடு சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

இப்படியே வயோமிங், யூட்டா என்று போய், ஐடஹோவில் நாம்பா ஊருக்கு வந்து சேர்ந்தோம். அந்த வருஷம் நாட்டுக்கு இருநூறாவது பிறந்தநாள் என்று எங்கே பார்த்தாலும் கொடி. பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கிற ஆலை ஒன்று அங்கே இருந்தது, அது வேகிற வாடை ஊரெல்லாம் அடித்தது. ஓபலுக்கு முப்பத்தெட்டு வயதாகியிருந்தது. ரிப்பன் வெட்டினாள், படம் எடுத்தார்கள், கருகிய பீட்சாவோடு போய் மேஜையில் உட்கார்ந்தாள்.

மத்தியானக் கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது, ஆலைச் சீருடையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். வாட்டசாட்டமான உடம்பு, நல்ல சிரித்த முகம். ஒரு பெரிய பீட்சாவுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பியவள், சுவரில் இருந்த ஓபலின் புகைப்படத்தையும் மேஜையில் இருந்த ஓபலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடியாத்தி! நீங்கதான் ஓபலா? நெசமாவே இருக்கீங்களா?"

"இருக்கேன். உக்காருங்க" என்றாள் ஓபல். நானும் கை துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"எம் பேரு லவெர்ன். இன்னிக்குத்தான் உங்க கடைக்குள்ள மொத தடவையா கால் வக்கிறேன். எங்க வீட்டுக்காரரு ஒரு தடவகூட நிறுத்த மாட்டேன்னுட்டாருங்க. போன கோடைல டென்வர் வரைக்கும் போனோம். வழியெல்லாம் உங்க போர்டு. புள்ளைங்க ரெண்டும் ஓபல் ஓபல்னு கத்துதுங்க. அவரு ரோட்டப் பாத்தபடியே ஓட்டறாரு. காது செவிடான மாதிரி."

"ஏன், பீட்சா புடிக்காதா?" என்று நான் கேட்டேன்.

"அதெல்லாம் இல்லைங்க. வீட்டுல அவரே செய்வாரு. மாவ மேல வீசிப் புடிப்பாரு பாருங்க, புள்ளைங்க கை தட்டுங்க. அதான் எனக்கும் புரியல. இன்னிக்கு ஒரே அழுகை புள்ளைங்க. சரி போய் வாங்கிட்டு வான்னு விட்டுட்டாரு. ஆனா உள்ள வரல. எதுத்தாப்புல தீவனக் கடை வாசல்ல வண்டில உக்காந்திருக்காரு."

ஓபல் மேஜை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "உங்க வீட்டுக்காரரு பேரு?" என்று கேட்டபோது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ரீனோங்க. கான்சஸ் பக்கந்தான். ஏன், தெரியுமா?"

"ஆமா. எங்க ஊருல கொஞ்ச நாள் இருந்தாரு" என்று ஓபல் எழுந்தாள். "உங்க பீட்சா வேகட்டும். நான் போயி ஒரு வார்த்த பேசிட்டு வந்துடறேன்."

"போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க! ஊர்க்காரங்களப் பாத்தா சந்தோசப்படுவாரு" என்றாள் லவெர்ன். கள்ளமில்லாத பெண். இன்றைக்கு நினைத்தாலும் அவள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, வந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

வாசலில் ஓபல் என் முழங்கையைப் பிடித்தாள். "தனியா போக முடியாதுடி. நீயும் வா." நானும் போனேன்.

வண்டியில் சன்னலுக்கு வெளியே முழங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் தீவன மூட்டைகளின் மேல் இரண்டு பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு நெற்றியில் முடி ஏறிப்போயிருந்தது. மற்றபடி அதே ரீனோ. எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"ஓபல்" என்றான்.

மேற்குத் திசை முழுக்கக் கம்பங்களில் எழுதியிருந்த அந்தப் பெயரை, அவள் கேட்கக் காத்திருந்த குரல் ஒரு வழியாகச் சொல்லிவிட்டது. அவள் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தன வருசத்துல ஒரு தடவ வந்து எட்டிப் பாத்திருக்கலாமே ரீனோ."

"வந்தேன்."

"எங்க?"

"ப்யூப்லோவுல. கடை தொறந்த அன்னிக்கு. லாரில போயிட்டிருந்தேன், தூரத்துலயே உம் பேரு தெரிஞ்சுது. வண்டிய ஓரங்கட்டிட்டு வந்து வரிசைல நின்னேன். சன்னல் பக்கமா உக்காந்திருந்த. மேயரு உங்கிட்ட கைகுடுத்து என்னவோ சொன்னாரு, நீ சிரிச்ச."

"உள்ள வந்திருக்கலாமே!"

"வாசக்கிட்ட வரைக்கும் வந்தேன் ஓபல்." அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்பறம் மேல நிமிந்து பாத்தேன். அவ்ளோ ஒசரத்துல, அவ்ளோ பெருசா உம் பேரு. இவ்ளோ இருக்கறவளுக்கு நான் எதுக்குன்னு தோணிச்சு. திரும்பிட்டேன். மறு வருசம் லவெர்னக் கட்டிக்கிட்டேன். அதுக்கப்பறம் எந்த ரோட்டுல போனாலும் உம் பேரு. சரி, அவ கேட்டது கெடச்சிருச்சு, நல்லா இருக்கான்னு நெனச்சுப்பேன்."

எனக்கு அவனை அந்த வண்டியிலிருந்து இழுத்துப்போட்டு அறைய வேண்டும் போல இருந்தது. அடப்பாவி, அந்தக் கம்பத்தை உனக்காகத்தானே அவள் சண்டை போட்டு நட்டாள் என்று கத்தியிருப்பேன். ஓபல் என் கையை அழுத்திப் பிடித்திருந்தாள். அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"கெடச்சுதுல்ல? நீ கேட்டதெல்லாம்?"

பின்னால் சின்னவன் மூட்டையிலிருந்து கீழே விழுந்து, தானே எழுந்து, மறுபடி ஏறினான். ஓபல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம். கெடச்சுது ரீனோ" என்றாள்.

"அப்ப சரி" என்றான் அவன்.

நாங்கள் திரும்பி வந்தோம். பீட்சா வெந்திருந்தது. ஓபலே அதை வெட்டிப் பெட்டியில் வைத்து, நூல் கட்டி, லவெர்னிடம் கொடுத்தாள். லவெர்ன் அவளைக் கட்டிப்பிடித்து, ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். வண்டி கிளம்பிப் போவதை ஓபல் பார்க்கவில்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குத் தொலைபேசியில் எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த பாய்சி ஊருக்குத் திரும்பும் வழியில் நான்தான் வண்டி ஓட்டினேன். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் கேட்டுவிட்டேன்.

"பதினஞ்சு வருசம் என் உயிர வாங்கினியேடி. வாயில வந்து நின்னுச்சு இல்ல? ஒரு வார்த்த உண்மையச் சொன்னா என்ன? பொய் எதுக்குச் சொன்ன?"

ஓபல் சன்னலைப் பார்த்துத் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், துடைக்காமல் அழுதாள். ரொம்ப தூரம் போனபிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"இல்லன்னு சொல்லியிருந்தா வண்டியவிட்டு எறங்கியிருப்பான் ஜெனீவா. நான் அவன் கண்ணப் பாத்தேன். அந்தப் புள்ளைங்க பாத்துக்கிட்டிருக்கறப்பவே கதவத் தொறந்து எறங்கியிருப்பான்."

என் கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டு வண்டியை ஓட்டினேன்.